கிண்ணத்தில் சாகும், உடம்பில் சாகுமா?

(மலேரியாவுக்கும் வேறு சில தொற்றுநோய்களுக்கும் மருந்து தேடும் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற தூத்துக்குடிக்காரர் இந்தப் பகுதியில் எழுதி வருகிறார். போன இதழில் தன் வேலையைப் பற்றிப் போகிற போக்கில் அவர் சொன்ன நாலு வரிக்கு வந்த கேள்விகளும் அவருடைய பதில்களும் இந்த இதழில்.)

மலேரியாவுக்கு மருந்து கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை என்று எழுதியிருந்தீர்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்படி என்னதான் செய்வீர்கள் மேடம்?
*பி.எஸ்சி. வேதியியல் மாணவி, விருதுநகர்*

பாதி நாள் ஒட்டுண்ணியை வளர்ப்போம். மீதி நாள் அதைக் கொல்லப் பார்ப்போம்.

மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணியைக் கொசு சுமந்து வருகிறது, அவ்வளவுதான். மனிதனைத் தாக்கும் வகையை வளர்க்க மனிதச் சிவப்பணு வேண்டும். ரத்த வங்கியிலிருந்து ஓ பாசிட்டிவ் ரத்தம் வாங்கி, வெள்ளணுக்களை நீக்கி, சிவப்பணுவை மட்டும் கழுவி எடுத்து, ஊட்டக் கரைசலில் கலந்து 37 டிகிரியில் வைப்போம். ஆக்சிஜன் குறைவாக இருந்தால்தான் அது நன்றாகப் பெருகும். இப்போது அதற்கென்று கலவை வாயு சிலிண்டர் வந்துவிட்டது. நான் சேர்ந்த காலத்தில் மெழுகுவத்திதான். கனமான கண்ணாடிப் பாத்திரம் ஒன்று, அதற்குள் வட்டக் கிண்ணங்களை அடுக்கி, நடுவில் வெள்ளை மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி, விளிம்பில் பசை தடவிய மூடியைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்போம். சுடர் சிறுத்து அணையப்போகும் நேரத்தில் மூடியில் இருக்கும் குழாயை அடைத்துவிட வேண்டும். 1976இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிரேகரும் ஜேம்ஸ் ஜென்சனும் சொல்லிக்கொடுத்த வழி இது. அதற்கு முன் இந்த ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க யாராலும் முடியவில்லை. இத்தனை பெரிய விஷயத்துக்கு மளிகைக்கடை மெழுகுவத்தி போதுமா என்று எங்கள் கணக்குப் பிரிவுக்காரர் கடைசிவரை நம்பவில்லை.

அப்புறம் ஸ்லைடு. ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் மெல்லிசாக இழுத்து, மெத்தனாலில் முக்கி, ஜீம்சா சாயத்தில் ஊறவைத்து, தண்ணீரில் அலசிக் காயவைத்து, எண்ணெய் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சிவப்பணுவுக்குள் இளம் ஒட்டுண்ணி மெல்லிய நீல வளையமாகத் தெரியும், ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. ஒற்றைக்கல் பதித்த மூக்குத்தி வளையம் போல இருக்கும். அடுத்த நாள் அது தடித்து, உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு கசடு சேரும். ஹீமோகுளோபினைத் தின்றுவிட்டு ஒதுக்கிவைத்த மிச்சம் அது. 48 மணி நேரத்தில் சிவப்பணு வெடித்துப் புதிய ஒட்டுண்ணிகள் வெளியே வரும். ஞாயிறு, பொங்கல், வீட்டில் கல்யாணம் எதுவும் அதற்குத் தெரியாது. யாராவது ஒருவர் போய்க் கரைசலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வேதியியல்காரர்கள் புதுப்புது மூலக்கூறுகளைச் செய்து தருவார்கள். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொரு குழியிலும் அளவைப் பாதி பாதியாகக் குறைத்து ஊற்றி, மூன்று நாள் கழித்து எவ்வளவு ஒட்டுண்ணி மிஞ்சியது என்று கணக்கிடுவோம். இது எளிதான பகுதி. கிண்ணத்தில் கொல்வது பெரிய காரியமே இல்லை, சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் சாகும். அதே சரக்கை வாயால் விழுங்கி, அது வயிற்றில் கரைந்து, கல்லீரலில் சிதையாமல் தப்பித்து, ரத்தத்தில் போதுமான நேரம் நிற்க வேண்டும். இதயத்தையும் கருவில் இருக்கும் பிள்ளையையும் தொடக்கூடாது. கரண்ட் இல்லாத ஊரின் வெயிலில் கெடாமல் இருக்க வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும். எங்கள் காலமெல்லாம் போனது இதில்தான்.

உங்கள் பெயரில் எத்தனை மருந்து கடைக்கு வந்திருக்கிறது?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி*

ஒன்றும் இல்லை. இந்தத் தொழிலில் இருக்கும் பெரும்பாலானவர்களின் பதில் இதுதான்.

எங்கள் குழுவின் மூலக்கூறு ஒன்று கிண்ணத்தில் அருமையாக வேலை செய்தது. எலியிலும் ஒட்டுண்ணியைத் துடைத்து எடுத்தது. அதற்கு மேல் ஹெர்க் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. இதயத் தசையில் பொட்டாசியம் வெளியேறும் வாசலுக்கு அந்தப் பெயர். அதை அடைக்கும் மருந்து இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுத்துவிடும். எங்கள் மூலக்கூறு அடைத்தது. ஒரே மாதிரி கட்டமைப்பில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். அடைப்பு குறைந்தால் ஒட்டுண்ணியைக் கொல்லும் திறனும் குறைந்தது. கோப்பை மூடிவிட்டு அடுத்ததற்குப் போனோம். இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. ஹாலோஃபான்ட்ரின் என்ற மலேரியா மருந்து விற்பனைக்கு வந்த பிறகுதான் அதன் இதயக் கோளாறு வெளியே தெரிந்தது, சிலர் இறந்தும் போனார்கள். அப்படி ஆவதற்குப் பதில் எங்கள் தட்டிலேயே அது நின்றது நல்லது.

கணக்கு கேட்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கிளாக்ஸோ நிறுவனம் ஸ்பெயினில் உள்ள தன் ட்ரெஸ் காண்டோஸ் ஆய்வகத்தில் ஏறக்குறைய 20 லட்சம் வேதிப்பொருள்களை மலேரியா ஒட்டுண்ணி மேல் சோதித்தது. 13,533 தேறின. 2010இல் அத்தனையின் கட்டமைப்பையும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். மருந்து நிறுவனம் தன் பெட்டகத்தைத் திறந்து காட்டுவது அன்றைக்குச் சாதாரணமில்லை. நாங்களும் அந்தப் பட்டியலை உட்கார்ந்து மேய்ந்தோம். அந்தப் பதின்மூவாயிரத்தில் மாத்திரையாக உங்கள் கைக்கு வந்தது எது என்று என்னைக் கேட்காதீர்கள்.

மஞ்சளில் உள்ள குர்குமின் மலேரியாவைக் குணப்படுத்தும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம் ஊர் விஞ்ஞானியே நிரூபித்திருக்கிறாராமே?
*மஞ்சள் வியாபாரி, ஈரோடு*

விஞ்ஞானி உண்மை. வாட்ஸ்அப் அவர் சொல்லாததையும் சேர்த்துக்கொண்டது.

அவர் கோ. பத்மநாபன். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னாளில் அதன் இயக்குநராகவும் இருந்தவர். எனக்கு அவருடைய மஞ்சளைவிட ஹீம் ஆராய்ச்சிதான் பெரிதாகப் படுகிறது. ஹீமோகுளோபினுக்குச் சிவப்பைத் தருவது ஹீம். மலேரியா ஒட்டுண்ணி அந்த ஹீமோகுளோபினுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது, அதைத் தின்று தீர்க்கிறது. அப்படியும் தனக்கு வேண்டிய ஹீமைத் தானே தனியாகத் தயாரிக்கிறது என்று 1992இல் அவர் குழு காட்டியது. சாப்பாட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஏன் தனியாக உலை வைக்கிறது? அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. ரத்தத்தில் இருக்கும்போது அந்தத் தயாரிப்பு இல்லாமலும் ஒட்டுண்ணி பிழைக்கும், கொசுவுக்குள்ளும் கல்லீரலிலும்தான் அது இல்லாமல் முடியாது என்று 2013இல் அவர்கள் குழுவே எழுதியது. இருபது வருஷம் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு இருப்பதென்றால் இப்படித்தான்.

சரி, மஞ்சளுக்கு வருவோம். குர்குமின் கிண்ணத்தில் ஒட்டுண்ணியைக் கொல்கிறது. வாய்வழி கொடுத்த எலிகளில் ஒட்டுண்ணி குறைந்தது. ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்ட்டீத்தர் ஊசி ஒன்றும் கூடவே குர்குமினும் கொடுத்தபோது எலிகள் பிழைத்தன. இதெல்லாம் முறையாக வெளிவந்த முடிவுகள். ஆனால் கிண்ணத்தில் குர்குமின் வேலை செய்யத் தேவைப்படும் அளவு, ஆர்ட்டிமிசினினுக்குத் தேவைப்படுவதைப் போல நூறு மடங்குக்கும் மேல். அது தண்ணீரில் கரைவதில்லை, குடலைத் தாண்டுவது சொற்பம், தாண்டியதையும் கல்லீரல் உடனே கழித்துக்கட்டிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. குர்குமின் தானாகவே ஒளிரும், பார்த்த புரதத்தில் எல்லாம் ஒட்டும். ஆகவே ஆய்வகச் சோதனைகளில் செய்யாத வேலையையும் செய்ததாகக் காட்டும். 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் பற்றி வந்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளை அலசி, இதை மருந்தாக்கும் முயற்சிக்கு ஆதாரம் போதாது என்று கடுமையாகவே எழுதினார்கள்.

குழம்பில் போடுங்கள். குளிர்காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மஞ்சள் விலை ஏறினால் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் இந்தக் காரணத்துக்காக வேண்டாம்.

சீனாவின் து யூயூ பழைய ஏட்டைப் படித்து மலேரியா மருந்து கண்டுபிடித்து நோபல் வாங்கினார். நம் ஓலைச்சுவடிகளில் இல்லாததா? ஏன் நாம் தேடவில்லை?
*சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை*

தேடாமல் இல்லை, நிறையப் பேர் தேடுகிறார்கள். ஏட்டுக்கும் நோபலுக்கும் நடுவில் அந்த அம்மா என்னென்ன செய்தார் என்பதைத்தான் நாம் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

வியட்நாம் போரில் துப்பாக்கிக் குண்டுக்கு இணையாக மலேரியாவும் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்த நேரம். அதுவரை கொடுத்துவந்த குளோரோகுயின் மாத்திரை கேட்காமல் போய்விட்டது. சீனா 1967 மே 23ஆம் தேதி ஒரு ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது, தேதியை வைத்தே அதற்கு 523 என்று பெயர். 1969இல் பெய்ஜிங் மரபு மருத்துவ அகாடமியில் து யூயூவைக் குழுத்தலைவர் ஆக்கினார்கள். முனைவர் பட்டம் கிடையாது, வெளிநாட்டுப் படிப்பும் கிடையாது. கலாச்சாரப் புரட்சியில் கணவரைக் கிராமத்து முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். மூத்த மகளைக் காப்பகத்திலும் கைக்குழந்தையைத் தன் பெற்றோரிடமும் விட்டுவிட்டு ஹைனான் தீவுக்குப் போனார்.

வைத்தியர்களிடமும் நூல்களிலும் திரட்டிய குறிப்புகள் 2,000க்கு மேல். அதிலிருந்து 640ஐத் தேர்ந்தெடுத்து எலிகளில் சோதிக்க ஆரம்பித்தார்கள். சிங்ஹாவ் என்ற செடி ஒருமுறை நன்றாக வேலை செய்தது, அடுத்தமுறை கைவிட்டது. அப்போதுதான் நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய அவசர மருத்துவக் கைநூலைத் திரும்பப் படித்தார். ஒரு கைப்பிடி சிங்ஹாவை இரண்டு படி தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து முழுச்சாற்றையும் குடி என்று அதில் இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூட்டில் மருந்து கெடுகிறதோ என்ற சந்தேகம் அந்த இடத்தில்தான் அவருக்கு வந்தது. 35 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும் ஈத்தரில் சாரத்தை எடுத்தார். அதில் அமிலப் பகுதியை ஒதுக்கியபோது நச்சுத்தன்மை குறைந்தது. 1971 அக்டோபர் 4, மாதிரி எண் 191. எலிகளில் ஒட்டுண்ணி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சுவடியின் பங்கு அங்கே முடிந்துவிட்டது. தொழிற்சாலை கிடைக்காததால் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் ஈத்தரை நிரப்பிச் சாரம் எடுத்தார்கள். காற்றோட்டம் இல்லாத அறையில் அந்த ஆவியைச் சுவாசித்து அவருக்குக் கல்லீரல் நோயே வந்தது. மனிதருக்குக் கொடுக்கும் முன் 1972இல் அவரும் சக பணியாளர்களும் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தூய படிகம் கிடைத்தது, ஆர்ட்டிமிசினின் என்பது அதுதான். 1973இல் அதை மாத்திரையாக்கி ஹைனானுக்கு அனுப்பினால் நோயாளிகளுக்குச் சரியாகக் குணமாகவில்லை. எல்லாரும் பதறிப்போனார்கள். கடைசியில் பார்த்தால் மாத்திரை கல்லாக இறுகி, வயிற்றில் கரையவே இல்லை. அதே பொடியைக் கேப்சூலில் அடைத்துக் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது. 

உங்கள் ஆசான்களிடம் பாடம் கேட்கும்போது இந்த ஈத்தரையும் கேப்சூலையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பொருள் ஒன்று, பக்குவம் வேறு என்று சித்த மருத்துவத்துக்குத் தெரியாதா என்ன? எந்தப் பக்குவத்தில் எந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம் இறங்குகிறது என்று அளந்து எழுதுவதற்குத்தான் ஆள் குறைவு. இன்னொன்று, சிங்ஹாவ் இலையை டீ போட்டுக் குடிக்கச் சொல்லும் கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அரைகுறை அளவு உள்ளே போனால் நோயும் போகாது, ஒட்டுண்ணியும் மருந்துக்குப் பழகிவிடும்.

என் கணவருக்குச் சென்னையில் வேலை செய்யும்போது மலேரியா வந்தது. மாத்திரை சாப்பிட்டுச் சரியான பிறகு, கொசு கடிக்காமலே இரண்டு மாதத்தில் மறுபடியும் வந்தது. முதலில் கொடுத்தது போலி மாத்திரையா?
*வாசகி, கரூர்*

போலியாக இருக்க வேண்டியதில்லை. சென்னையில் அதிகம் பார்த்தது வைவாக்ஸ் வகை. அதில் ஒரு பகுதி ரத்தத்துக்கு வராமல் கல்லீரலில் அடங்கிக் கிடக்கும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்து எழுந்து வரும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும், கல்லீரலில் கிடப்பதை அது தொடுவதில்லை. அதற்கு பிரைமாகுயின் வேண்டும், 14 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுகிறது. உடம்பு நன்றாக இருக்கும்போது மீதிப் பதினோரு நாள் யார் மாத்திரையை நினைக்கிறார்கள்? உங்கள் கணவர் முழுவதும் சாப்பிட்டாரா என்று, சண்டை வராமல், கேட்டுப்பாருங்கள்.

முழுவதும் சாப்பிட்டும் சிலருக்குத் திரும்ப வரும். பிரைமாகுயின் தானாக வேலை செய்வதில்லை, கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். பிறவியிலேயே அந்த நொதி மந்தமாக இருப்பவர்களும் உண்டு. அதைவிட முக்கியம், ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுத்துப்போகும், ஆபத்து. அதனால் மறுபடியும் அதே மாத்திரையைக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். ஜி-6-பி-டி பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து கூடவே கூடாது. ஒரே வேளையில் முடியும் டாஃபனோகுயின் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் அதற்கும் அந்தப் பரிசோதனை முதலில் கட்டாயம். பிரைமாகுயின் வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு கிடைத்த அடுத்தது அது ஒன்றுதான் என்றால், கல்லீரலில் ஒளிந்திருப்பதைப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் அந்த நிலையை வளர்ப்பதே பெரும்பாடு.

எங்கள் தாத்தா நடுவட்டம் சிங்கோனா தோட்டத்தில் வேலை பார்த்தவர். இப்போதும் அந்தப் பட்டைக்கு மதிப்பு உண்டா?
*வாசகர், கூடலூர்*

சரித்திர மதிப்பு நிறைய உண்டு. 1860களில் தென்னமெரிக்காவிலிருந்து நாற்றும் விதையும் கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். நடுவட்டத்தில் நிலம் திருத்தியவர்களில் மலாய்த் தீவுகளிலிருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளும் உண்டு. அங்கேயே அந்தப் பட்டையிலிருந்து குயினைன் என்ற மலேரியா மருந்தைக் காய்ச்சும் அரசுத் தொழிற்சாலையும் இருந்தது. சென்னை மாகாணத்துக் காய்ச்சலுக்கு உங்கள் தாத்தா உரித்த பட்டை போயிருக்கும். ஆனால் கடும் மலேரியாவுக்கு குயினைன் ஊசியைவிட, ஆர்ட்டிமிசினின் குடும்பத்து ஆர்ட்டிசுனேட் ஊசி கூடுதல் உயிர்களைக் காப்பாற்றுகிறது என்று ஆசியாவில் 2005இலும் ஆப்பிரிக்காவில் 2010இலும் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. காதில் ரீங்காரம், குமட்டல், கசப்பு எல்லாம் தாங்கிக்கொண்டு முந்நூறு வருஷத்துக்கு மேல் உழைத்த மருந்து, இப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் துறையில் நீங்கள் மதிக்கும் விஞ்ஞானி யார்? ரொனால்ட் ராஸ் என்று சொல்லக் கூடாது.
*ஆராய்ச்சி மாணவர், சென்னை*

ராஸ் செகந்திராபாத்தில் கொசு வயிற்றைக் கிழித்து உள்ளே மலேரியா ஒட்டுண்ணியைப் பார்த்தவர், மருந்து தேடியவர் இல்லை. ஆகவே உங்கள் நிபந்தனை எனக்குச் சிரமமில்லை. கெல்லி சிபாலே என்பேன்.

ஜாம்பியாவில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத வீட்டில் வளர்ந்தவர். ஜாம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போய் முனைவரானார். பிறகு லிவர்பூல், அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ். அவ்வளவு தூரம் போனவர் அங்கேயே தங்கியிருக்கலாம். 1996இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பல்கலைக்கழகத்துக்காரர்களாகிய எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூலக்கூறு செய்வோம், கிண்ணத்தில் சோதிப்போம், கட்டுரை எழுதுவோம், 'எதிர்காலத்தில் மருந்தாகக்கூடும்' என்று கடைசி வரியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவோம். சிபாலே மருந்து நிறுவனத்துக்குள் கொஞ்ச காலம் தங்கி, அந்தக் கடைசி வரிக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். 2010இல் எச்3டி என்ற மையத்தைத் தொடங்கினார். வேதியியல், உயிரியல், மருந்து உடம்பில் என்ன ஆகிறது என்று அளக்கும் பிரிவு எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆப்பிரிக்காவில் அதற்கு முன் அப்படி ஒன்று இல்லை.

ஜெனீவாவில் 1999இல் தொடங்கிய எம்.எம்.வி. என்ற, மலேரியா மருந்துக்கான லாபநோக்கற்ற அமைப்பு கைகொடுத்தது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொருள்களைச் சலித்ததில் கிடைத்த ஒரு தொடரை எடுத்து மெருகேற்றினார்கள். அதிலிருந்து வந்தது எம்.எம்.வி.390048. ஒட்டுண்ணியின் பிஐ4கே என்ற நொதியை முடக்கும். ரத்தத்தில் இருப்பதை மட்டுமல்ல, கொசுவுக்குத் தாவும் நிலையையும் தாக்கும். ஒரே வேளை மருந்தாகும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆப்பிரிக்காவில் ஆப்பிரிக்கர் தலைமையில் உருவாகி மனிதச் சோதனைக்குப் போன முதல் மலேரியா மருந்து அது. தன்னார்வலர்களிடம் நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் கட்டத்துக்குப் போனபோது விலங்குச் சோதனையில் பாதுகாப்புச் சிக்கல் தெரிந்தது. நிறுத்திவிட்டார்கள்.

பத்திரிகைகள் அதன் தொடக்கத்தைக் கொண்டாடிய அளவுக்கு முடிவை எழுதவில்லை. நான் அவரை மதிப்பது அதற்கு அப்புறம் நடந்ததற்காக. மையம் மூடப்படவில்லை, காசநோய்க்கும் வேறு கிருமிகளுக்கும் வேலையை விரித்தார்கள். அந்த மூலக்கூறை நடத்திக்கொண்டு போன இளைஞர்கள் எல்லாருக்கும் ஒரு மருந்தை மனிதச் சோதனை வரை எப்படிக் கொண்டுபோவது என்று தெரிந்துவிட்டது. இன்னொரு விஷயத்தையும் அவர் விடாமல் சொல்லிவருகிறார். மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளில் ஆப்பிரிக்கர்களிடையே வேறுபாடுகள் மிக அதிகம். ஐரோப்பியர்களிடம் அளந்து முடிவுசெய்த அளவு அங்கே சிலருக்கு மிதமிஞ்சிவிடும். எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸில் ஜிம்பாப்வேயில் அப்படித்தான் ஆனது. கரூர் வாசகிக்கு மேலே எழுதிய பிரைமாகுயின் விஷயமும் இதே ரகம். நம் நாட்டில் இந்த வேறுபாட்டை எத்தனை பேர் அளக்கிறார்கள் என்பதை ஆராய்ச்சி மாணவரான நீங்களே விசாரித்துப் பாருங்கள், தலைப்புகூடக் கிடைக்கலாம்.

எந்த மருந்து வந்தாலும் ஒட்டுண்ணி தப்பித்துவிடுகிறதே. அதுவும் கம்போடியா எல்லையிலிருந்தே ஏன்?
*பள்ளி ஆசிரியர், மதுரை*

பாய்லின் என்ற ஊர்ப் பக்கம். ரத்தினக்கல் தோண்டும் இடம், வெளியூர்க் கூலிகள் வந்துபோகும் காடு. குளோரோகுயினுக்கு 1950களின் இறுதியில், ஆர்ட்டிமிசினினுக்கு 2000களில், இரண்டுக்கும் அந்த எல்லைதான். ஒரு காலத்தில் அங்கே சாப்பாட்டு உப்பிலேயே மலேரியா மருந்தைக் கலந்து விநியோகித்தார்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் கொல்லவும் போதாத, இல்லையென்றும் சொல்ல முடியாத ஒரு அளவு எப்போதும் இருந்தது. ஒட்டுண்ணிக்கு அதைவிட நல்ல பயிற்சி யார் கொடுப்பார்கள்? பிறகு கூட்டு மருந்து இல்லாமல் ஆர்ட்டிசுனேட்டைத் தனியாக விற்றதும் சேர்ந்தது. அங்கே மலேரியா குறைவு என்பதால் மக்களிடம் எதிர்ப்புசக்தியும் குறைவு, தப்பிய ஒட்டுண்ணியை உடம்பும் அடக்காது.

இப்போது கவலை ஆப்பிரிக்கா. கெல்ச்13 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள ஒட்டுண்ணிகள் ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் தாமாகவே தோன்றியிருக்கின்றன. ஆசியாவிலிருந்து வந்தவை இல்லை. 2023ஆம் ஆண்டில் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது, பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். கானாப்ளசைடு போன்ற புதிய வகை மருந்துகள் அதனால்தான் அவசரமாகத் தேவைப்படுகின்றன.

இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டது. இனி இங்கே இதற்குப் பணம் செலவழிப்பது வீண் இல்லையா?
*வாசகர், யாழ்ப்பாணம்*

2016 செப்டம்பரில் சான்றிதழ் கிடைத்தது, பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் உங்கள் நாட்டுக் கதையையே நினைத்துப் பாருங்கள். 1963இல் தீவு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. கொசுமருந்து தெளிப்பதையும் நோயாளிகளைத் தேடுவதையும் தளர்த்தினார்கள். 1960களின் இறுதியில் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போனது. இன்னொரு புள்ளியும் உண்டு: சென்னையின் மொட்டைமாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் முட்டையிட்டு மலேரியாவைப் பரப்பும் ஸ்டீஃபென்ஸி கொசு மன்னாரில் இருப்பது 2016, 17 வாக்கில் தெரியவந்தது. கொசு தயாராக இருக்கிறது. காய்ச்சலோடு ஒரு பயணி விமானத்திலோ படகிலோ வந்து இறங்கினால் ரத்தத்தைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும்.

அசாமில் ராணுவக் குடியிருப்பில் இருக்கிறோம். மூன்று வயது மகனுக்கு மலேரியா மாத்திரை கொடுத்தால் துப்பிவிடுகிறான். பொடித்துத் தேனில் கொடுக்கலாமா?
*வாசகி, ஜோர்ஹாட்*

வடகிழக்கில் ஃபால்சிபாரம் வகைக்கு ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் கொடுப்பது வழக்கம். அதுதானா என்று அட்டையைப் பாருங்கள். அதுவென்றால், தண்ணீரில் தானாகக் கரையும் குழந்தை மாத்திரை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். எம்.எம்.வி.யும் நோவார்ட்டிஸும் சேர்ந்து 2009இல் செர்ரிப் பழச் சுவையில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தன. அந்தச் சுவையைத் தேர்ந்தெடுக்கக் குழந்தைகளிடமே கொடுத்துப் பார்த்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஐந்து கிலோவுக்குக் குறைந்த கைக்குழந்தைகளுக்கான வடிவமும் 2025இல் சுவிட்சர்லாந்தில் அனுமதி பெற்றுவிட்டது.

சாதாரண மாத்திரைதான் கிடைக்கிறது என்றால் பொடித்துக் கொடுக்கலாம், ஆனால் தேனைவிடப் பால் நல்லது. லூமிஃபான்ட்ரின் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலிலிருந்து ரத்தத்துக்குச் சரியாக ஏறும், வெறும் வயிற்றில் பாதிகூட ஏறாது. பொடியை ஒரு ஸ்பூன் தண்ணீரில் குழைத்துக் கொடுத்துவிட்டுக் கையோடு பாலோ, நெய் விட்ட பருப்புச் சாதமோ கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும், உடனே மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது வேளை எட்டு மணி நேரத்தில் வரும். நடு ராத்திரியாக இருந்தாலும் எழுப்பிக் கொடுங்கள்.